முடிந்தது, முடிந்திருக்கும்

'கேன்' என்பதன் இறந்தகால வடிவம் 'குட்'. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் நம்மில் பலரும் மனப்பாடம் செய்த ஒரு வரி இது. ஆனால், அந்த ஒரு வரியோடு 'குட்' நம்மை விட்டுவிடுவதில்லை.

என் பாட்டனார் இளமையில் காவிரியை நீந்திக் கடப்பாராம். இதை ஆங்கிலத்தில் சொல்ல 'குட்' போதும். நெடுநாள் அவரிடம் இருந்த பொதுவான திறன் அது. ஒரு வெள்ள நாளில், ஆற்றுத்திட்டில் சிக்கிய கன்றுக்குட்டியை அவர் கரைசேர்த்தார். இங்கே 'குட்' பொருந்தாது. 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' என்றே எழுத வேண்டும். ஏனெனில் இது குறித்த ஒரு நாளில் கைகூடிய செயல். ஆயினும் காணல், கேட்டல் போன்ற வினைகளுக்கு விலக்குண்டு. 'அன்றிரவு வெள்ளத்தின் இரைச்சல் வீடுவரை கேட்டது' என்பதற்கு 'குட் ஹியர்' என்பதே இயல்பு.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 'அவருக்கு நீந்தத் தெரியும்' என்கிறோம். 'அன்று கன்றைக் கரைசேர்க்க முடிந்தது' என்கிறோம். இரண்டையும் நாம் இடம்மாற்றிச் சொல்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்பதன் மூலச்சொல்லுக்கும் 'அறிதல்' என்பதே பொருள். 'குட்' என்பதில் ஒலிக்காமல் நிற்கும் 'எல்' எழுத்துகூட அதற்கு உரியதன்று. 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் நுழைந்தது.

எதிர்மறையில்தான் சிக்கல். 'குடன்ட்' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. திறனே இல்லையா, திறன் இருந்தும் கைகூடவில்லையா என்பதை அது சொல்லாது. நம் 'முடியவில்லை'யும் அப்படியே.

என் அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் 98 மதிப்பெண் பெற்றவள். அந்த ஆண்டு அப்பா படுத்த படுக்கையானார். அக்கா நூற்பாலை வேலைக்குப் போனாள். "அவளால் மேலே படிக்க முடியவில்லை" என்று உறவினர் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடும். கேட்பவர்கள் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றல்லவா எண்ணிக்கொள்வார்கள்!

அவளுக்கு நியாயம் செய்யும் தொடர் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு: 'ஷி குட் ஹேவ் ஸ்டடீட்'. அவள் படித்திருக்க முடியும். திறன் இருந்தது, செயல் நிகழவில்லை. குறை அவளிடம் இல்லை என்பதை இந்தச் சிறு தொடர் சொல்லிவிடுகிறது.

நான் கல்லூரியில் சேர்ந்ததை எழுதினால், 'ஐ வாஸ் ஏபிள் டு' என்று தொடங்க வேண்டும். என் திறன் மட்டும் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. அக்காவின் கூலியும் அதில் இருக்கிறது. நண்பர்களே, நம் வீடுகளில் இப்படி எத்தனை 'குட் ஹேவ்'கள் மேல் நின்று நாம் 'வாஸ் ஏபிள் டு' சொல்கிறோம்!

இந்த ஆண்டு அக்கா தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுத விண்ணப்பித்திருக்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்து, கணக்கு நூலைத் திறக்கிறாள். அவளைப் பற்றி இனி நான் எழுத வேண்டிய சொல் 'கேன்'.