காவலூரில் விண்மீன் ஒளியைப் படிப்பவர்கள்

விண்மீன்களைப் பற்றி வானியலாளர்கள் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவற்றின் ஒளியிலிருந்து பெறப்பட்டது. அந்த ஒளியைச் சேகரிப்பதும், பிரிப்பதும், அளப்பதும், அளந்ததைச் சரிபார்ப்பதுமே இத்தொழிலின் அன்றாட வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலை நடக்கும் முதன்மையான இடம் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். ஆலங்காயத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டு மரங்களுக்கு மேலே வெள்ளை டோம்கள் தெரிகின்றன. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் வைணு பாப்பு வானாய்வகம் இதுதான்.

1960-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநரான எம். கே. வைணு பாப்பு, இரவு வானை ஆராய்வதற்குத் தனி இடம் வேண்டும் என்று தேடித் தேர்ந்தெடுத்த ஊர் காவலூர். நகர வெளிச்சம் எட்டாத காடு என்பது ஒரு காரணம். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12.5 பாகை வடக்கே அமைந்திருப்பது இன்னொரு காரணம். இங்கே துருவ விண்மீன் வடக்கு அடிவானத்திலிருந்து 12.5 பாகை உயரத்திலேயே நிற்கும். அதனால் வட வானோடு தென் வானின் பெரும்பகுதியும் பார்வைக்குள் வருகிறது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லானிக் மேகம் என்ற அண்டை உடுக்கூட்டத்தில் சூப்பர்நோவா வெடித்தபோது, அது இங்கே தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 8 பாகை உயரத்தில்தான் இருந்தது. அந்த நிலையிலும் அதன் நிறமாலை காவலூரில் எடுக்கப்பட்டது.

1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு பணி தொடங்கியது. அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972-இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய அன்றைய பதிவுகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி எடுத்ததும் ஒன்று. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கண்ணாடி பெங்களூரில் நிறுவனத்தின் சொந்த ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. இருளில் விரிந்த கண்பாவையைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகமான ஒளியை அது திரட்டுகிறது. திட்டத்தைத் தொடங்கிய பாப்பு 1982-இலேயே மறைந்துவிட்டார். தொலைநோக்கியும் ஆய்வகமும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

பெரிய டோமுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது தொலைநோக்கியைத் தாங்கும் குதிரை லாட வடிவ எஃகுச் சட்டம். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, தரையிலிருந்து 12.5 பாகை மட்டும் சாய்ந்திருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் அதே வேகத்தில் இந்த அச்சு எதிர்த்திசையில் திரும்பினால்தான் விண்மீன் பார்வையில் நிலைத்து நிற்கும். டன் கணக்கான எடை நொடிக்கு 15 விகலை வீதம், சிறு குலுக்கலும் இல்லாமல் நகர வேண்டும்.

இந்தத் தொலைநோக்கியில் நேரம் வேண்டுவோர் எந்த விண்மீனை, எதற்காக, எத்தனை இரவு பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு அவற்றைப் பரிசீலித்து இரவுகளைப் பங்கிடுகிறது. மங்கலான உடுக்கூட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள் தேவைப்படுகின்றன. ஒளிமிக்க விண்மீன்களின் நிறமாலையை நிலவு வெளிச்சத்திலும் எடுக்கலாம். மழைக்காலத்தில் கிடைத்த இரவு மேகத்தோடு போய்விடுவதும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நல்ல பருவம்.

இரவு வேலை பகலிலேயே தொடங்கிவிடுகிறது. ஒளியைப் பதிவு செய்யும் சிசிடி சில்லு வெப்பத்தாலேயே பொய்யான சைகைகளை உண்டாக்கும் என்பதால், அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 100 பாகை செல்சியஸை ஒட்டிக் குளிர்வித்து வைக்கிறார்கள். இதற்காகத் திரவ நைட்ரஜனைப் புனல் வழியே கருவியின் குடுவைக்குள் ஊற்றுவார்கள். முதலில் ஊற்றுவது வெதுவெதுப்பான உலோகத்தில் பட்டுச் சீறிக்கொண்டு ஆவியாகும். குடுவை குளிர்ந்த பிறகே திரவம் தங்கத் தொடங்கும். வாய் வரை நிறைந்து வெண்ணிற ஆவி வழிந்து இறங்கும்போது நிறுத்துவார்கள். மாலையில் டோமின் கதவு திறக்கப்படுகிறது. உள்ளே பகல் சூடு தங்கினால் வெப்பக்காற்று கண்ணாடிக்கு மேலே நெளிந்து விண்மீனின் உருவத்தைக் கலைத்துவிடும். அந்தி வானம் மங்கும் சில நிமிடங்களில் சீரான வான வெளிச்சத்தைப் படமெடுப்பார்கள். சில்லின் எந்தப் புள்ளி கூடுதலாக, எது குறைவாக ஒளியை உணர்கிறது என்பதை இந்தப் படம் சொல்லிவிடும்.

இருட்டியபின் ஆய்வாளர் கட்டுப்பாட்டு அறையில் திரைகளின் முன் அமர்கிறார். தொலைநோக்கியை இயக்கும் உதவியாளர் அதை விண்மீன் மீது திருப்பி, குவியத்தைச் சரிசெய்கிறார். பல பதிவுகள் அரை மணி நேரத்துக்கு மேல் நீளும். அதற்குள் விண்மீன் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈரப்பதம் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும், ஏறினால் கதவை மூடிவிட வேண்டும். ஒவ்வொரு பதிவின் நேரமும், விண்மீனின் உயரமும், வானின் நிலையும் குறிப்பேட்டில் ஏறும். இடையிடையே தோரியம்–ஆர்கான் விளக்கின் ஒளியையும் பதிவு செய்வார்கள். அதன் கோடுகளின் அலைநீளங்கள் துல்லியமாகத் தெரிந்தவை என்பதால், விண்மீனின் கோடுகளை அளக்க அவையே அளவுகோல்.

பிரகாசத்துக்கும் அப்படி ஒளிப்படி என்ற அளவுகோல் உண்டு. ஐந்து ஒளிப்படி வேறுபாடு சரியாக நூறு மடங்கு பிரகாச வேறுபாடு என்ற விதியை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் அவர் சென்னை வானாய்வகத்தின் வானியலாளராக இருந்தார். பிரகாசம் நன்கு அளக்கப்பட்ட திட்ட விண்மீன்களையும் அதே இரவில் பார்த்து, அவற்றோடு ஒப்பிட்டே புதிய விண்மீனின் ஒளிப்படியைக் கணக்கிடுகிறார்கள்.

நிறமாலை இன்னும் நிறையச் சொல்கிறது. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் ஒளி ஒரு கண்ணாடி இழை வழியே கீழேயுள்ள தனி அறைக்குப் போய், எஷல் நிறமாலைக் கருவியில் பல வரிசைகளாக விரிகிறது. எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது, மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதை நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளின் ஆழம் காட்டும். கோடுகள் இடம்பெயர்ந்திருந்தால் விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று தெரியும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் 500 நானோமீட்டர் அலைநீளத்தில் உண்டாக்கும் பெயர்ச்சி 0.0017 நானோமீட்டர்தான். கருவி அறையின் வெப்பநிலை மாறாமல் காக்கப்படுவது இதனால்தான்.

இத்தகைய அளவையின் வலிமைக்கு பாப்புவின் சொந்தப் பணியே சான்று. 393.4 நானோமீட்டரில் கால்சியம் உண்டாக்கும் கருங்கோட்டுக்கு ‘கே’ கோடு என்று பெயர். சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களில் இந்த இருண்ட கோட்டின் நடுவே ஒரு சிறிய ஒளிமேடு எழும். விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமானதோ அதற்கேற்ப அந்த மேடு அகலமாக இருப்பதை ஓலின் வில்சனும் பாப்புவும் 1957-இல் நிறுவினர். மேட்டின் அகலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் கிடைக்கும். அதைத் தோற்றப் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். வில்சன்–பாப்பு விளைவு என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

இத்தகைய அளவைகளைக் கொண்டே விண்மீன்களின் வாழ்க்கையையும் ஆராய்கிறார்கள். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதில் 460 கோடி ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. சூரியனைவிடப் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீனோ சில கோடி ஆண்டுகளில் எரிபொருளைத் தீர்த்துவிடும். எந்த ஒரு விண்மீனின் வாழ்க்கையையும் யாரும் முழுதாகப் பார்க்க முடியாது. அதனால் வெவ்வேறு வயதிலுள்ள விண்மீன் கொத்துகளை ஒப்பிடுகிறார்கள். ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள கார்த்திகைக் கூட்டத்தில் சூடான நீல விண்மீன்கள் இன்னும் ஒளிர்கின்றன. காவலூரிலிருந்து நன்றாகத் தெரியும் ஒமேகா சென்டாரி என்ற முதிய கொத்தில் பெரிய விண்மீன்கள் எப்போதோ முடிந்துபோய், சிவப்புப் பெருமீன்களும் சிறு விண்மீன்களும் எஞ்சியிருக்கின்றன. சூரியனை ஒத்தவை இறுதியில் வெண்குறுமீன்களாகச் சுருங்கும். அப்படிச் சுருங்கியவை 1.4 சூரிய நிறைக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்று காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். மிகப் பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடித்து நியூட்ரான் விண்மீனையோ கருந்துளையையோ விட்டுச்செல்லும்.

முதுமையின் அரிய கட்டங்களும் காவலூரில் நெடுங்காலமாகக் கவனிக்கப்படுகின்றன. ஆர் கொரோனே பொரியாலிஸ் வகை விண்மீன்களில் ஹைட்ரஜன் மிகக் குறைவு, கரி மிக அதிகம். அவை வெளியேற்றும் வாயு குளிர்ந்து கரித்தூசாகி முகத்தை மறைக்கும்போது, பிரகாசம் சில வாரங்களில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மறைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்ப்பவர்களுக்கே அது சிக்குகிறது.

உடுக்கூட்டங்களில் ஒளி பல நூறு கோடி விண்மீன்களிலிருந்து கலந்து வருகிறது. அங்கே வடிகட்டிகள் உதவுகின்றன. 656.3 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டியில், புதிய விண்மீன்கள் பிறக்கும் ஹைட்ரஜன் முகில்கள் தனித்துத் தெரியும். நிறமாலையின் செம்பெயர்ச்சி அந்தக் கூட்டம் விலகும் வேகத்தையும், அதன் வழியே தொலைவையும் தருகிறது.

இந்த அளவைகளுக்கெல்லாம் அடியில் பராமரிப்பு ஊழியர்களின் உழைப்பு இருக்கிறது. கண்ணாடியின் அலுமினியப் பூச்சு தூசாலும் ஈரத்தாலும் மங்கும். குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து இறக்கி, பழைய பூச்சை வேதிப்பொருளால் கரைத்து, கழுவி உலர்த்தி, வெற்றிடக் கலத்துக்குள் வைப்பார்கள். அங்கே ஆவியாகும் அலுமினியம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் படிகிறது. கை தவறி விழும் ஒரு கருவி பல ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிடலாம் என்பதால் கிரேன் இயக்குபவரின் கை ஆய்வாளரின் கணக்கைப் போலவே துல்லியமாக இருக்க வேண்டும். விண்மீன் ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றிலும் இவர்களுக்கும் பங்குண்டு.

நிறுவனத்தின் 2 மீட்டர் இமாலயத் தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பெங்களூரை அடுத்த ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே அதை இயக்குகிறார்கள். அங்கே வானம் காவலூரைவிட வறண்டது, தெளிவானது. காவலூரிலோ சுற்றுவட்டார ஊர்களின் விளக்கொளி ஆண்டுக்காண்டு கூடுகிறது. ஆனாலும் தென் வானின் விண்மீன்களுக்கும், ஒரே விண்மீனை நெடுங்காலம் தொடரும் நிறமாலை ஆய்வுக்கும் காவலூர் இன்றும் பயன்படுகிறது. தொலைநோக்கியின் அருகிலேயே இருந்து இத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கும் அதுவே பயிற்சிக்களம். தெருவிளக்குகளின் ஒளி மேலே சிதறாமல் மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்பினால், இந்தப் பணி இன்னும் பல தலைமுறைக்கு நடக்கும்.