அயலவர் நலமும் பாதையின் நிலையும்

புளியந்தீவில் வாழ்வோர்க்குத் தொடர்பு என்பது பாலத்தோடு பிணைந்த பொருள். வாவி சூழ்ந்த இத்தீவிலிருந்து கல்லடிக்குச் செல்ல 1924 இல் அமைந்த இரும்புப் பாலமும், 2013 இல் அதனருகே திறக்கப்பட்ட புதிய பாலமும் உள. பாலம் நிற்கின்றதா என்பது ஒரு வினா. அதன்மேல் வண்டி போகின்றதா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இடரைக் கணினி வலையமைப்பொன்றில் நான் நேரிற் கண்டேன்.

மருத்துவ ஆய்வுகூடமொன்றின் முடிவுகளைக் கொண்டு செல்லும் இணைப்பு அது. தீவில் ஒரு ரவுட்டர், வாவிக்கு அப்பால் மற்றொன்று. இடையிலிருந்த ஒளியிழை அறுந்திருந்தவரை முடிவுகள் நீண்ட மாற்றுப் பாதையால் தவறாது சென்றன. இழையைத் திருத்திய பின்னரே அவை நின்றன! விளக்குகள் பச்சையாக எரிந்தன. 'பிங்' வினாக்களுக்கு மறுமொழியும் வந்தது. மருத்துவர்களோ முடிவுகளைத் தொலைபேசியிற் கேட்டெழுதினர். குருதிப் பரிசோதனையில் ஒரு தசமப் புள்ளி பிறழ்ந்தால் நேர்வது யாதென விளக்க வேண்டுவதில்லை.

இவ்வகை வலையமைப்பிற் பொதிகள் சிட்டை தாங்கிச் செல்வன. ஒல்லாந்தர் கோட்டையில் நெடுங்காலம் இயங்கிய கச்சேரியை நினைவு கூர்க. ஒரு கிளையிற் கடிதத்திற்கு இடும் பதிவெண் அடுத்த கிளைக்குப் பொருளற்றது. அங்கு வேறெண் இடப்படும். அவ்வாறே ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வோர் இடத்திற்கும் தனக்கென ஒரு சிட்டையெண் வகுத்து அயலாருக்கு அறிவிக்கும். இதற்கான எல்.டி.பி. நெறிமுறை இரு படிகளைக் கொண்டது. முதலில் 'ஹலோ' எனும் அறிமுகச் செய்தி; வழக்கமாக 15 வினாடி அது வராவிடின் உறவு முறியும். அடுத்து 646 ஆம் வாயிலில் ரி.சி.பி. இணைப்பு. சிட்டைகள் இதன்மீதே பரிமாறப்படும்.

எமது ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிந்திருந்தன, இணைப்போ உருவாகவில்லை. அண்மையில் இட்ட பாதுகாப்பு வடிகட்டி முன்பே நிலைபெற்ற இணைப்புகளை விட்டுவைத்துப் புதியனவற்றைத் தடுத்தது. ஆதலின் இழை அறும்வரை பழுது புலப்படவில்லை. சாதாரணப் பொதிக்குச் சிட்டை வேண்டாமையாற் 'பிங்' சென்றது. ஆய்வுகூடத்தின் தனி வலையமைப்புப் பொதிகள் சிட்டையின்றி வழியிலேயே கைவிடப்பட்டன.

பழுதை விரைந்தறியும் கருவி இருந்ததே எனலாம். 2010 இல் வரையறுக்கப்பட்ட பி.எப்.டி. முறை அங்கு இயங்கியது: 50 மில்லி வினாடிக்கொரு செய்தி, மூன்று தொடர்ந்து தவறின் அயலவர் மாண்டார் என முடிபு. விரைவில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அது வினவியது அயலவரின் உயிரையே, சிட்டைப் பாதையை அன்று. அவ்விரவு முழுதும் அது நலமென்றே உரைத்தது. கால அளவை மேலும் குறுக்குவோம் என்றார் நண்பரொருவர். தவறான வினாவை விரைவாகக் கேட்பதாற் பயனென்ன? குறுக்கினால் பொய்ப் பழுதுகளே பெருகும்.

வடிகட்டியில் ஒரு விதி சேர்த்ததும் சிட்டைகள் வந்தன; முடிவுகளும் சென்றன. அத்துடன் அமையாது, சிட்டை கிடைக்குமுன் புதுப்பாதைக்கு மிகை விலை காட்டும் ஒத்திசைவு ஏற்பாட்டையும் இட்டோம். மாற்றுப் பாதை உள்ளவிடத்தே இது பயன்படும். பின்னர் இழையை வேண்டுமென்றே கழற்றிப் பூட்டினோம். பாதை எழுந்தும், சிட்டை வரும்வரை பொதிகள் நீண்ட வழியிலேயே சென்றன.