உள்ளது உள்ளபடி

பரமார்த்த குருவின் கதையை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியவர் அப்பா. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பெயர்களைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை கிளையில் மாட்டிக் கீழே விழுகிறது. சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து அவர் வெகுதூரம் போய்விடுகிறார். பிறகு கேட்டால், எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று கோபித்துக்கொள்கிறார். அடுத்து, குதிரை போட்ட சாணத்தையும் தலைப்பாகையில் ஏந்தி வருகிறார்கள். அதற்கும் திட்டு. கடைசியில், எதை எதை எடுக்கலாம் என்று ஓலையில் எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள். குருவே பள்ளத்தில் விழுகிறார். ஓலையைப் பார்க்கிறார்கள். வேட்டி இருக்கிறது, எடுக்கிறார்கள். குரு அதில் இல்லை. கிடந்தபடியே அவர் தன்னையும் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கிவிடுகிறார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. “எடுக்காட்டியும் திட்டு, எடுத்தாலும் திட்டு. எழுதிக் குடுங்கன்னு கேக்காம வேற என்னடா செய்வானுங்க?” என்றார்.

அப்பா கம்பாசிடர். எங்கள் ஊரில் ஒரு நடுத்தர அச்சகம். கல்யாண அழைப்பிதழ், கடைத் திறப்பு நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேகச் சுவரொட்டி, சங்க ஆண்டறிக்கை. இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்தபடி வலது கையால் கேஸிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவார். பார்க்காமலே கை போகும். அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர்மேல் அவருக்குத் தனி மரியாதை உண்டு. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்திக் காட்ட வழிசெய்தார் என்பதால்தான் அந்த மரியாதை. ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், ஆணி குத்தினால் ஓலை கிழியும் என்பது அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் அச்சுப் பாடம்.

அந்தப் பழக்கம் காகிதத்திலும் தொடர்ந்தது. வயதானவர்கள் எழுதிக் கொண்டுவரும் காப்பியில் பாதி எழுத்துக்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். கமா இருக்காது. மாப்பிள்ளையின் தாத்தா பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். கம்பாசிடர்கள் எல்லாவற்றையும் வாசித்துப் புரிந்துகொண்டு சரியாகக் கோப்பார்கள். முகூர்த்தத் தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா என்று சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் காலண்டரை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இதற்கென்று சம்பளத்தில் ஒரு பைசா கிடையாது. யாரும் செய்யச் சொன்னதும் இல்லை. அச்சகம் நல்ல பெயரோடு நடந்தது இந்தச் சொல்லாத வேலையால்தான்.

பிறகு ஒரு மேலாளர் வந்தார். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் தன் கதையில் வேண்டுமென்றே கொச்சையாக எழுதியிருந்த ஒரு பேச்சை அப்பா பிழையென்று நினைத்துத் திருத்திவிட்டார். எழுத்தாளர் வந்து சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயமானது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மேலாளர் ஒரு வாரக் கூலியைப் பிடித்தார். மறுநாள் தட்டச்சு செய்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். காப்பியில் உள்ளது உள்ளபடியே கோக்கப்பட வேண்டும், ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது, மீறினால் கூலி பிடிக்கப்படும்.

ஃபோர்மேன் மாமா அதை நிதானமாக இரண்டு முறை வாசித்தாராம். “சரிங்க சார்” என்றாராம். அவ்வளவுதான்.

அன்று மாலை ஜவுளிக்கடை நோட்டீஸ் ஒன்று வந்தது. பெரியவர் கையெழுத்து, முழுத் தாளிலும் இரண்டோ மூன்றோ புள்ளிகள். ஃபோர்மேன் அதை அப்படியே கோக்கச் சொன்னார். புள்ளி வைத்த எழுத்தும் வைக்காத எழுத்தும் கேஸில் தனித்தனி அறையில் கிடக்கும். பழகிய கை புள்ளியெழுத்தை நோக்கித்தான் போகும்; அதைத் தடுத்து வெற்றெழுத்தை எடுக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தைக் கோக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது என்று அப்பா சொல்வார். வேலையைக் கெடுத்துச் செய்வதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. புரூஃபில் கடையின் பெயரையே வாசிக்க முடியவில்லை.

ஃபோர்மேன் மாமாவுக்கு இந்த வழி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவருடைய அண்ணன் ரயிலில் ஃபயர்மேனாக இருந்தவர். விதிகளை அட்சரம் பிசகாமல் பின்பற்றியே வேலையை முடக்கும் ‘விதிப்படி வேலை’ என்பது ரயில்காரர்களின் வீட்டில் பிள்ளைகளும் அறிந்த பேச்சு. நீராவி எஞ்சின் காலத்தில் ஒருமுறை வண்டி ஏறினால் எப்போது இறங்குவோம் என்று தெரியாது. பதினான்கு மணி நேரம், அதற்கு மேலும் போகும். 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பத்து மணி நேர வேலை என்பதற்கு அரசு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நடைமுறைக்குக் கொண்டுவரப் போராட்டம் தொடர வேண்டியிருந்தது. 1974 மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்கள் நின்றதற்குப் பின்னாலிருந்த கோரிக்கைகளில் வேலை நேரமும் ஒன்று.

ரயில்வேயின் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் முட்டாள்தனம் அதிகம் இல்லை. பெரும்பாலான விதிகளுக்குப் பின்னால் ஏதோ ஒரு விபத்து இருக்கும். வண்டி புறப்படுமுன் பிரேக் அழுத்தம் பார்க்க வேண்டும், எச்சரிக்கைத் தாள் வாங்கிப் படிக்க வேண்டும், குறித்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் உயிர் காக்கும் விதிகள். ஆனால் வண்டி தாமதமானால் ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வி வரும். வண்டி கவிழ்ந்தால் அதே புத்தகத்தைப் பிரித்து எந்த விதியை மீறினாய் என்று இன்னொரு கேள்வி வரும். இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா சொன்ன சீடர்களின் நிலை இதுதான்.

பிரிட்டனில் 1972 ஏப்ரலில் ரயில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு விதிப்படி வேலை செய்தார்கள். வண்டிகள் தாறுமாறாயின. அரசு நீதிமன்றத்துக்குப் போனது. மேல்முறையீட்டில் விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் டென்னிங் பிரபு. தொழிலாளி ஒப்பந்தத்துக்கு மேல் எதையும் தர வேண்டியதில்லை, நல்லெண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நிறுவனத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு விதியைப் பிடித்துக்கொண்டால் அது ஒப்பந்த மீறல் என்றார் அவர். தொழிலாளர்களிடையே வாக்கெடுப்பு நடத்தவும் உத்தரவானது. பெரும்பான்மையோர் போராட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள்.

டென்னிங் சொன்னதில் சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. விதியைப் பின்பற்றியவனின் மனத்துக்குள் என்ன எண்ணம் இருந்தது என்று நீதிமன்றம் தேடுகிறது. அந்த விதியைக் கையில் கொடுத்தவன் என்ன எண்ணத்தோடு கொடுத்தான் என்று அதே அளவுக்குத் தேட வேண்டாமா? பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதிக்கும், தவறு நடந்தால் பழியைக் கீழே தள்ளுவதற்காக எழுதப்பட்ட விதிக்கும் வேறுபாடு இல்லையா? எங்கள் அச்சகச் சுவரில் ஒட்டிய தாள் இரண்டாவது வகை.

பாரிஸ் நகர டாக்ஸிக்காரர்கள் சாலை விதிகளை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தே போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். எழுதாத பழக்கமும் கைத்திறனும் சேராவிட்டால் எழுதிய திட்டம் எதுவும் ஓடாது என்பது அவர் வாதம். அதை வாசித்தபோது பஞ்சாங்கக் காலண்டரை எட்டிப் பார்க்கும் கம்பாசிடர்கள்தான் என் கண்ணில் நின்றார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் கைரேகை இயந்திரம் வந்த பிறகு இப்படி ஆனது. ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் விடுப்பு. அதுவரை மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு அக்காக்கள், அந்த வருடம் ஐந்தே முக்காலுக்கு விரலை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வாழ்நாளில் கணக்கு பிந்தியதே இல்லை. போகிற முகத்தில் வெற்றி எதுவும் இல்லை.

அந்த முகத்தை நான் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருக்கிறேன். ஜவுளிக்கடை நோட்டீஸுக்குப் பிறகும் மேலாளர் இறங்கிவரவில்லை. கடைக்காரர் ஒழுங்காக எழுதித் தரட்டும் என்றார். அதற்கடுத்து ஒரு கல்யாண அழைப்பிதழ். ஆவணி பத்தொன்பது வியாழக்கிழமை என்று காப்பியில் இருந்தது. காலண்டரில் அது வெள்ளி. புரூஃப் பார்க்க யாரும் வரவில்லை, மறுநாள் காலை மெஷின் ஏற வேண்டும். அப்படியே போகட்டும் என்றார் ஃபோர்மேன். அப்பா கோத்து வைத்துவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்குமேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரிலிருந்த அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு நடுராத்திரி திரும்பினார். காலையில் பெண்ணின் தகப்பனார் அச்சகத்தில் வந்து நின்று கிழமையை மாற்றச் சொன்னார்.

ஃபோர்மேன் மாமா எங்கள் வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். “நீ போய்ச் சொல்லிட்டா அந்தாளுக்கு எப்படிய்யா வலிக்கும்? நம்ம அருமை எப்படித் தெரியும்?”

“அவருக்கு வலிக்கிறதுக்கு அந்தப் பொண்ணு கல்யாணமா கெடைச்சுது? கெழமை தப்பாப் போனா ஊரே என்ன பேசும்?” என்றார் அப்பா.

இருவருமே சரியாகத்தான் பேசினார்கள். எனினும் இந்த வழக்கில் நான் அப்பா பக்கம். பெண் வீட்டார் அந்தத் தாளை எழுதவில்லை. ரயில் ஓட்டுநர் விஷயத்தில் நான் ஃபோர்மேன் பக்கம். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் பலர், பணிக்குப் பின்னான 16 மணி நேர ஓய்வோடு வார ஓய்வு 30 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் ஓய்வெடுத்தே தீருவோம் என்று இறங்கினார்கள். தூங்கி எழுந்தவர்தான் சிக்னலைச் சரியாகப் பார்ப்பார். அங்கே விதியை விட்டுக்கொடுத்தால் ஆபத்து பயணிகளுக்கும்தான்.

அச்சகத்தில் மேலாளர் கடைசியில் வாய்வார்த்தையாக, பழையபடியே செய்யுங்கள் என்றார். ஃபோர்மேன் எழுதிக் கேட்டார். அவர் எழுதித் தரவில்லை, சுவரிலிருந்த தாளையும் எடுக்கவில்லை. அதனால் அப்பாவும் மற்றவர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். காப்பியில் சந்தேகமான இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, வாடிக்கையாளரை வரவழைத்து, திருத்தத்தைக் காட்டி, புரூஃபில் கையெழுத்து வாங்கிய பிறகே மெஷினுக்கு அனுப்பினார்கள். காலையில் கொடுத்து மாலையில் வாங்கிப்போன அழைப்பிதழுக்கு அதன்பின் இரண்டு நாள் ஆனது. ஆஃப்செட் வந்து அந்த அச்சகம் மூடும்வரை அப்படித்தான் நடந்தது.