அரை மில்லிமீட்டர் வேலை

சூலக்கரைப் பட்டறையின் மரப்பெஞ்சில் அன்று இரண்டு சிலிண்டர் பிளாக்குகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, கிணற்றுத் தோட்டக்காரர் ஒருவர் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்த கிர்லோஸ்கர் டிவி1 டீசல் இன்ஜினுடையது. மற்றது ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சாக்கில் சுற்றி பஸ்ஸில் வந்தது. ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் யமஹா ஈ40எக்ஸ் அவுட்போர்டின் பிளாக் அது. விருதுநகரை ஒட்டிய இந்த ஊருக்குக் கடல் இன்ஜின் வருவது அபூர்வம். படகுக்காரரின் மைத்துனர் இங்கே லாரி ஓட்டுகிறார். அந்தப் பழக்கத்தில் வந்த வேலை.

பட்டறையில் மூன்று பேர். மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயது. வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ரேகையே தெரியவில்லை. நாற்பது வருடமாக சிலிண்டர் சுவரைத் தடவித் தேய்ந்த விரல்.

டிவி1க்கு ஒரே சிலிண்டர். அதன் போர், அதாவது துளையின் விட்டம், 87.5 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், 110. கொள்ளளவு 661 சிசி. யமஹாவுக்கு இரண்டு சிலிண்டர். போர் 80, ஸ்ட்ரோக் 70, மொத்தம் 703 சிசி. இரண்டுக்கும் வயிறு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தோட்டத்து இன்ஜின் தருவது 7 குதிரைத்திறன், கடல் இன்ஜின் தருவது 40.

எப்படி என்று கேட்டதும் அண்ணாச்சி இரண்டு பிஸ்டனையும் என் கையில் கொடுத்தார். "இது உலக்கை சார், நின்னு நிதானமா குத்தும். அது தையல் மிஷின் ஊசி."

கணக்கும் அதையே சொல்கிறது. டிவி1 நிமிடத்துக்கு 1500 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். யமஹா சுமார் 5000 சுற்று. இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டரும் எரியும். நிமிடத்துக்கு எரிக்கும் கொள்ளளவைப் பெருக்கிப் பார்த்தால் கடல் இன்ஜின் ஏழு மடங்கு. அவ்வளவு வேகமாகச் சுற்ற அதை விடுவது அந்தக் குட்டை ஸ்ட்ரோக். ஓடும் தூரம் குறைந்தால் அதே சுற்றுக்குப் பிஸ்டனின் வேகம் குறைகிறது, சுவரும் கனெக்டிங் ராடும் தாங்குகின்றன. அகலமான போர் இருந்தால் காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வாசல் பெரிதாகிறது.

அண்ணாச்சி தொழில் பழகியது லிஸ்டர் இன்ஜினில். 114 மில்லிமீட்டர் போர், 140 ஸ்ட்ரோக், 650 சுற்று, 6 குதிரைத்திறன். அதில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 3 மீட்டர். டிவி1இல் ஐந்தரை. யமஹாவில் கிட்டத்தட்ட 12. 2018 நவம்பரில் கிருஷ்ணா நதியில் அமராவதியின் பெயரால் நடந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தில் ஓடியவை மெர்குரி வி6 இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள்: போர் 88.9, ஸ்ட்ரோக் 67.3, இரண்டரை லிட்டர், 10,500 சுற்றில் 400 குதிரைத்திறன். அங்கே பிஸ்டன் வினாடிக்கு 23 மீட்டரைத் தாண்டுகிறது. லிஸ்டரிலிருந்து ஒவ்வொரு படியிலும் வேகம் ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது. உழைக்கும் ஆயுள் அதே வரிசையில் இறங்குகிறது.

நீள ஸ்ட்ரோக் என்றால் இழுவை அதிகம் என்று பட்டறைகளில் சொல்வது பாதிதான் உண்மை. கிராங்கின் நெம்பு நீள்கிறது, சரி. ஆனால் பிஸ்டன் அகன்றாலும் அதன் தலையில் விழும் விசை கூடுகிறது. இழுவையை முடிவு செய்வது பெரும்பாலும் மொத்தக் கொள்ளளவு. அமெரிக்க வேகப்படகுகளில் மெர்க்குரூசர் பொருத்திய ஷெவர்லே வி8 இன்ஜின்கள் இதற்கு நல்ல சாட்சி. 108 மில்லிமீட்டர் போரும் 101.6 ஸ்ட்ரோக்கும் கொண்ட 7.4 லிட்டர் இன்ஜினை ஒரு முறை போரை மட்டும் 113.4 ஆக்கி 8.2 லிட்டராக்கினார்கள். பிறகு போரை விட்டுவிட்டு ஸ்ட்ரோக்கை 111 ஆக நீட்டி 8.1 லிட்டராக்கினார்கள். இரண்டு வழியில் போயும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தார்கள்.

அப்படியானால் இந்தப் பட்டறையில் போர் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, வாங்கிப் போகும் இன்ஜினுக்கும் சக்தி கூடுமா?

"கூடும்னுதான் நினைச்சுக்கிட்டு வருவாக," என்றார் அண்ணாச்சி. யமஹா பிளாக்கில் டயல் கேஜை இறக்கி இளையவரைப் படிக்கச் சொன்னார். மேலே 18 பாயிண்ட் தேய்மானம், அடியில் 4. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இவர்களுக்குப் பாயிண்ட். துளை மேலே அகன்று கூம்பாகியிருக்கிறது. அதை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி 80.5 பிஸ்டன் போடப் போகிறார்கள். கொள்ளளவு 703இலிருந்து 712 சிசி ஆகும். நூற்றுக்கு ஒன்றேகால்தான்.

ஆனாலும் படகு புதுசு மாதிரி பாயும். போர் பெருத்ததால் வரும் பாய்ச்சல் இல்லை அது. பிஸ்டனைச் சுற்றிய ரிங் மறுபடி சுவரோடு அடைத்துக்கொள்வதால் வருவது. அண்ணாச்சியின் அம்மா சிவகாசிப் பக்கம் சரவெடி பின்னியவர். "மருந்து எவ்வளவு நல்லதா இருந்தாலும் அடைப்பு சரியில்லைன்னா புஸ்ஸுனு போயிரும்னு அம்மா சொல்லும். இங்கயும் அதான் சார்."

போரிங் மெஷின் கடைசி எட்டுப் பாயிண்ட்டை மிச்சம் வைத்து நின்றது. இனி ஹோனிங். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்டக் கல் சுழன்று மேலும் கீழும் போனது. சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னியது போல மெல்லிய கோடுகள் விழுந்தன. எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி போல வழவழப்பாக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, துடைத்து, ஆறவிட்டு அளந்தார்கள். சூட்டோடு அளந்தால் கேஜ் பொய் சொல்லும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டியது ஆறு பாயிண்ட். தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கும் இடம்.

நான் மறக்க முடியாதது அதற்கடுத்த வேலை. இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் புகை போகும் ஜன்னல்கள் உண்டு. போர் போட்டதும் அவற்றின் விளிம்பு கத்திபோல் ஆகிவிடும். அப்படியே விட்டால் நிமிடத்துக்கு 5000 தடவை போய்வரும் ரிங் என்றாவது அதில் சிக்கி உடையும். கரையிலிருந்து வெகுதூரத்தில் அது நடந்தால் படகில் இருப்பவர்கள் கதி என்ன? அண்ணாச்சி சிறிய எமரிக்கல்லை விரலில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும் மழுக்கினார். முக்கால் மணி நேரம். பில்லில் இதற்குத் தனிக் காசு கிடையாது. இந்தக் கூலியில் இவர்கள் இத்தனை பொறுப்பைச் சுமப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லை வைத்துவிட்டு, ரேகையில்லாத அந்த விரலை உள்ளே விட்டு ஜன்னல் ஓரங்களை ஒரு சுற்று தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி கல்லை எடுத்தார். இளையவர் சாக்கையும் சணலையும் எடுத்து வைத்துக்கொண்டு, ராமநாதபுரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது அண்ணாச்சி என்றார்.