முற்றத்தில் இறக்கிய எஞ்சின்

சரக்குந்து என்று வகுப்பறைக் கரும்பலகையில் எழுதுகிறோம். வீட்டு வாசலில் நின்றதை நாங்கள் லாரி என்றே அழைத்தோம். நெல்லும் மணிலாவும் சுமந்து எங்கள் கூட்டுக் குடும்பத்திற்குச் சோறிட்ட வண்டி அது. 2007 ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில், செங்கம் தாண்டி ஊத்தங்கரை செல்லும் சாலையில் வெண்புகை கக்கி நின்றுவிட்டது.

அது டாட்டா வண்டி. 697 என்னும் எஞ்சின். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மில்லிமீட்டர். அதனால் 697. இலக்கண நூலார் கூறும் காரணப்பெயருக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது!

பழைய வண்டிக்கு இழுவை போதவில்லை. மேட்டுச் சாலைகளில் புதிய வண்டிகளெல்லாம் டர்போவின் துணையால் எங்களைக் கடந்து சென்றன. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பழைய டர்போ ஒன்றைப் பொருத்தித் தருவதாகக் கூறினர். அம்மாவின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. வண்டி திரும்பி வந்தபோது அண்ணனின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது.

டர்போ என்பது வியப்பூட்டும் கருவியே. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரம் புறக்காற்றை உள்ளே அழுத்தித் தரும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் புகையே வலிமையாக மாறுகிறது. ஆனால் அவ்வலிமையைத் தாங்கும் உடல் வேண்டுமன்றோ?

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். பட்டறைக்கு அனுப்பப் பணமில்லை. எங்கள் தெருவை அடுத்து வாழ்ந்த முதிய மேஸ்திரி ஒருவர் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பார்க்கலாம் என்றார். இரும்புக் குழாய்கள் மூன்றை முக்காலியாக நட்டு, செயின் பிளாக் தொங்கவிட்டு, எஞ்சினை இறக்கினோம். அடியிலிருந்து வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஒழுகியது; தண்ணீர் உள்ளே இறங்கியதன் அடையாளம் அது. ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கட் கருகிக் கிடந்தது. மூன்றாம் பிஸ்டனின் தலை ஓரத்தில் உருகியிருந்தது.

மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பாய், காத்தை ஏத்தியிருக்காங்க, தீனியையும் ஏத்தியிருக்காங்க. சூட்டை எறக்க வழி பண்ணலையே."

நோய்க்கூற்றை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சங்கப் புலவர் தீக்கடை கோலை ஞெலிகோல் என்றனர். இது காற்றையே ஞெலிந்து தீ பிறப்பிப்பது. டர்போவோடு பிறக்கும் எஞ்சினில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிச் சூடு தணிக்கும் ஏற்பாடு உண்டு. ரேடியேட்டரும் அதற்கேற்ற அளவில் இருக்கும். எங்கள் வண்டியில் இவற்றுள் ஒன்றும் மாற்றப்படவில்லை. மாறாக, இழுவை உடனே தெரிய வேண்டும் என்று பம்பைத் திறந்து டீசலை மிகுத்திருந்தனர்.

டர்போவைக் கைவிட்டு எஞ்சினைப் பழைய நிலைக்கே மீட்பது என்று முடிவாயிற்று. ஹெட் கோணியிருந்ததால் அது லேத்துக்குச் சென்றது. பம்பும் நாசில்களும் அளவு சரிபார்க்கும் கடைக்குச் சென்றன. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் யாவும் புதியவை. கல்லூரி விட்டு வந்த மாலைகளில் மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவுவது எங்கள் பணி. மேஸ்திரியின் சொற்களைக் குறித்துக்கொண்டோம்: ஆயில் தின்னுதல், புகை தள்ளுதல், மிஸ் அடித்தல், டைமிங் பிடித்தல். பெயர்கள் கடல் கடந்து வந்தவை, வினைகளெல்லாம் நம்முடையவை. கலைச்சொல் அகராதி தொகுப்போர் பட்டறைப் பக்கம் வருவதில்லை என்ற வருத்தம் அப்போதுதான் எங்களுக்கு உண்டாயிற்று.

ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, ஒரே மூச்சில் அல்லாமல் படிப்படியாக, முறுக்க வேண்டும். அதில் மட்டும் மேஸ்திரி யாரையும் தொட விடவில்லை.

கார்த்திகைத் தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்னதான அரிசி ஏற்றி வர ஒப்புக்கொண்ட நடைகள் நின்றன. தீப நாள்களில் ஊருக்குள் கனரக வண்டி நுழைய இயலாது. பதினேழாம் நாள் இரவு எஞ்சின் வண்டிக்குள் ஏறியது. டீசல் குழாயில் தங்கிய காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றுவதை அவர்கள் 'ஏர் எடுப்பது' என்பர். திருகாணியைத் தளர்த்தியதும் முதலில் நுரை வந்தது. பின்னர் நுரையற்ற டீசல் வழிந்தது. அண்ணன் சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை ஆறு சிலிண்டரும் ஒருங்கே பேசின. உள்ளே துஆ ஓதிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல், புகைபோக்கியின் வாயில் கைவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபத்திற்கு மூன்று நாள் முன்னதாக, பாதிப் பாரத்தோடு ஆரணியிலிருந்து அரிசி வந்து சேர்ந்தது. டர்போ சில மாதம் கோழிக்கூண்டின்மேல் கிடந்து, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயிற்று. வளையல்கள் அடுத்த ஆண்டு ஆடியில் மீண்டன.