மஞ்சளும் குளிசையும்



தலையிடி, கைகால் உளைவு என்றால் நாங்கள் அயலுக்கெல்லாம் சொல்வோம். மலத்தோடு இரத்தம் போனால் மட்டும் வாய் திறக்க மாட்டோம். முகாமில் மலசலகூட வரிசையில் நின்று அடக்கிப் பழகிய எங்களுக்கு அது வெட்கமான கதை.

எனக்கு இந்த வருத்தம் 2011இல், மீள்குடியேறிய பின் வந்தது. நாளுக்கு எட்டுப் பத்துத் தடவை வயிற்றால் போனது. தண்ணீர் சரியில்லை, வயிற்றுளைவு என்றார்கள். ஆறு கிழமையாகியும் நிற்கவில்லை. வைத்தியசாலையில் கமரா விட்டுப் பார்த்தபோது பெருங்குடல் சிவந்து புண்ணாகியிருந்தது. இது கிருமியால் வந்ததல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது, நெடுங்காலம் மருந்து எடுக்க வேண்டும் என்றார் டொக்டர்.

"குளிசையை விட்டிட்டு மஞ்சளைக் குடி பிள்ளை. அந்தக் காலத்திலை ஆர் குளிசை போட்டது?" என்றார் மாமி. அதை அப்படியே கிளினிக்கில் கேட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. அழற்சியுள்ள இடத்தில் உருவாகும் சில பொருட்கள் குடலின் கலங்களை மேலும் கெடுக்குமாம். அவற்றை அடக்குபவைதான் ஒட்சியேற்ற எதிரிகள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் அப்படியானது. 2006இல் வெளியான யப்பானிய ஆய்வொன்றில், வழமையான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்க்குமினும் எடுத்த 43 பேரில் 2 பேருக்கே ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. மருந்து மட்டும் எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. மருந்தை நிறுத்தி எவரையும் பார்க்கவில்லை.

எங்கள் மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்களவே குர்க்குமின். 2 கிராமுக்கு இருபது தேக்கரண்டிக்கு மேல் தூள் வேண்டும். அதை யாரால் குடிக்க முடியும்? கடையில் விற்கும் மஞ்சள் கப்சூலையும் கேட்காமல் போடக்கூடாது. சிலருக்கு அது ஈரலைப் பாதித்திருக்கிறது.

மாமிக்கு விளங்கப்படுத்தினேன். இப்போது அவரே குளிசையை எடுத்துத் தருவார். கறிக்கு மஞ்சளும் போடுவார். சுகமான நாட்களில் முருங்கையிலை, நெல்லிக்காய் சாப்பிடுவேன். வருத்தம் கூடினால் குழைந்த சோறும் மீனும்தான். நார் கூடிய கீரை அப்போது ஒத்துவராது.

சகோதரிகளே, மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.