ஆந்தைக் காசு

மாமாவுக்குக் கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தூத்துக்குடிக்கு வந்தால் ஆச்சிக்குக் கோடாலித் தைலம், அம்மாவுக்கு நைலக்ஸ் சேலை, எனக்கு ஒரு டப்பாச் சில்லறை. துறைமுகம் துறைமுகமாக அவர் பையில் மிஞ்சியவை. கூடப் படித்தவர்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்த காலத்தில் என்னிடம் துருக்கிக் காசும் எகிப்துக் காசும் இருந்தன. அந்தக் குவியலில்தான் 1973-ஆம் வருடத்துக் கிரேக்க டிராக்மா ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் பீனிக்ஸ் பறவை. மறுபக்கம் முழித்துப் பார்க்கும் ஆந்தை.

அதை விளக்குமாடத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டாள். “காசுல போய் ஆந்தையப் போடுவானா? வெளங்குமா அந்த ஊரு?”

“அந்த ஊருக்கே அதாம்மா லெச்சுமி. அத வச்சுத்தான் ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முன்னால வெளங்குச்சு” என்றார் மாமா.

கப்பலில் ஒரு கிரேக்கக் கிழவர், இரண்டாம் என்ஜினியர், பழங்காசுப் பித்தர். அவர் வாயைக் கிளறிக் கேட்ட கதைகளை மாமா மொட்டைமாடியில் பாய் விரித்து எனக்குச் சொல்வார். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லாரியம் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கம். கி.மு. 483 வாக்கில் அங்கே வெள்ளி கொட்டியது. ஊர்க்காரர்களுக்கு ஆளுக்குப் பத்து டிராக்மா பங்கு பிரிக்கலாம் என்று பேச்சு. தெமிஸ்டோகிளீஸ் என்ற தலைவர் எழுந்து, பங்கு வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம் என்று ஊரையே சம்மதிக்க வைத்தார். கி.மு. 480-இல் சாலமிஸ் கடலில் பாரசீகக் கப்பற்படையை முறியடித்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கப்பல்கள்தாம். கைக்கு வரவேண்டிய பணத்தை எந்த ஊரில் விட்டுக்கொடுப்பார்கள் என்று மாமாவுக்கு ஆறவே ஆறாது. ஆள் நிமிர முடியாத அந்தச் சுரங்கங்களில் அகல் வெளிச்சத்தில் வெள்ளி வெட்டியவர்கள் அடிமைகள் என்பது மொட்டைமாடிக் கதையில் வரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது பெரிய ஆந்தையையே கொண்டுவந்தார். பிரேயஸ் துறைமுகக் கடையில் வாங்கிய நாலு டிராக்மா காசு. “பழசு இல்ல மருமவனே, அதே அச்சுல போட்ட நகலு. ஆனா சுத்த வெள்ளி.”

உடைத்த கடலை மிட்டாய் போல ஓரம் கோணிய, தடித்த காசு. முன்பக்கம் அதீனா தேவி. முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். தலைக்கவசத்தில் மூன்று ஒலிவ இலைகள். கவசத்துக் கொண்டை காசுக்குள் அடங்காமல் பாதியில் அறுந்திருந்தது. மூலக் காசுகள் பலவும் அப்படித்தான். பட்டடையில் பதித்த கீழ் அச்சின்மேல் சூடான வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தவனுக்குக் கொண்டையைப் பற்றிக் கவலையில்லை. பின்பக்கம் ஆந்தை, மூலையில் ஒலிவக் கிளை, சின்னப் பிறை. ஏதென்ஸில் சிற்பக்கலை எங்கேயோ போய்விட்ட பிறகும் இந்தப் பழைய முகத்தை அவர்கள் லேசில் மாற்றவில்லை. வெளியூர் வியாபாரி பார்த்துப் பழகிய முகம் அது.

தெருமுனைப் பத்தர் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். “இந்தப் பருமனுக்கு வெள்ளின்னா இன்னும் கனக்கணுமே.” உண்மையான காசு 17 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது இரண்டு பவுன் எடையைத் தாண்டும் என்று கிழவர் சொன்னது மாமாவுக்கு நினைவிருந்தது. தராசில் வைத்தார்கள். காணவில்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, பத்தர் உளியை ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். வெட்டுக்குள் சிவப்பாகச் செம்பு தெரிந்தது. மாமா ஒன்றும் பேசாமல் பீடி பற்ற வைத்தார்.

பத்தர் செய்தது புது வேலை இல்லை. எகிப்திலும் பினீசியாவிலும் ஏதென்ஸ் காசைக் கையில் வாங்கியவர்கள் இப்படித்தான் உளி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆந்தையின் தலைமேல் ஆழமாக வெட்டு விழுந்த காசுகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன, விலை குறைவு. எனக்கு அவைதான் பிடிக்கும். பளிங்குபோல இருக்கும் காசு ஏதோ ஒரு பானைக்குள் தூங்கியது. வெட்டுப்பட்டது ஊர் சுற்றியிருக்கிறது.

அந்தச் செம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 413-இல் எதிரியான ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெக்கிலியாவில் வந்து உட்கார்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். சுரங்கம் படுத்தது, வெள்ளி வற்றியது. கோயிலில் இருந்த வெற்றித் தேவதையின் பொற்சிலைகளை உருக்கிக் காசடித்தார்கள். அதுவும் போதாமல் செம்பின்மேல் வெள்ளி பூசி அதே ஆந்தையை அச்சடித்தது அரசாங்கமே. கி.மு. 405-இல் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் அந்தக் காசை விட்டுவைக்கவில்லை: நல்ல காசை ஒதுக்கி மட்டக் காசைப் புழங்குவதுபோல, நல்ல மனிதர்களை ஒதுக்கிவிட்டு மட்டமானவர்களைத் தலைவர்களாக்குகிறோம் என்கிறார்.

அவருடைய இன்னொரு நாடகத்தில் ஒருவன் திராட்சை விற்ற செப்புக் காசை வாயில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறான். ஏதென்ஸ்காரர்களுக்குச் சில்லறையை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு. மாவு வாங்கப் பையை நீட்டும் நேரத்தில் தண்டோரா: இனிச் செம்பு செல்லாது, வெள்ளிதான் செல்லும்.

2016 நவம்பரில் வங்கி வாசலில், கையில் செல்லாமல் போன ஐநூறு ரூபாய்த் தாள்களோடு நானும் மாமாவும் வரிசையில் நின்றபோது இதை அவரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். “அந்தத் திராட்சைக்காரனுக்கு மாத்திக்கிட எத்தன நாளு குடுத்தானுவ?” என்று கேட்டார்.